ஸ்டீயரிங் உதறலும் சிறிய டேம்பரும்

கேமரன் மலைப் பக்கம் போனவர்கள், தேயிலைக்கும் காய்கறிக்கும் ஓடி உழைக்கும் பழைய லேண்ட் ரோவர் பிக்கப்புகளைப் பார்த்திருப்பீர்கள். 1948-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்த வண்டி அது. அந்தப் பழைய வடிவத்தைச் செய்வது 2016-ஆம் ஆண்டு ஜனவரியோடு நின்றுவிட்டது. ஆனாலும் மலைக்காரர்கள் அதைக் கைவிடவில்லை.

அதை ஓட்டும் அனுபவசாலியின் கைகளைக் கவனித்துப் பாருங்கள். கட்டைவிரலை ஸ்டீயரிங் வளையத்துக்குள் மாட்டியிருக்க மாட்டார்; வெளியேதான் வைத்திருப்பார். முன்சக்கரம் கல்லில் மோதும்போது ஸ்டீயரிங் வெடுக்கென்று சுழலும். உள்ளே மாட்டிய விரலை அதன் ஆரக்கால் அடித்துவிடும். நமக்குத் தெரிந்த ஓர் ஓட்டுநர் இப்படித்தான் விரல் முறிந்து ஒரு மாதத்துக்கு மேல் வீட்டில் இருந்தார். அந்த வீட்டில் அடுப்பு எரிந்த கதையை நாம் சொல்லத் தேவையில்லை.

இந்த உதறலை அடக்கக் கடைகளில் தனியாக ஒரு கருவி விற்கிறார்கள். ஸ்டீயரிங் ஸ்டெபிலைசர் என்பார்கள். டேம்பர் என்றாலும் அதுவே. சில வண்டிகளில் தொழிற்சாலையிலேயே பொருத்தி வந்திருக்கும். பார்வைக்கு அப்சர்பர் மாதிரிதான்; ஆனால் படுக்கை வாட்டில் இருக்கும். ஒரு முனை சக்கரங்களைத் திருப்பும் தண்டிலும், மறுமுனை சாசியிலோ அச்சிலோ மாட்டப்பட்டிருக்கும். உள்ளே எண்ணெயும் சிறு துவாரங்களும் உண்டு. ஊசி மருந்துக் குழாயை மெல்ல அழுத்தினால் மருந்து சுலபமாக வரும்; வேகமாக அழுத்தினால் எதிர்க்கும் அல்லவா? அதே கதைதான். நாம் நிதானமாகத் திருப்பினால் டேம்பர் வழிவிடும். கல் இடித்துத் திருப்பினால் தடுக்கும்.

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். தேய்ந்த வண்டிக்குப் புது டேம்பர் போட்டால், சில வாரம் உதறல் குறைந்துவிடும். சொத்தைப் பல்லுக்கு வலி மாத்திரை விழுங்குவது மாதிரி அது. உள்ளே டை ராட் மூட்டு தேய்ந்துகொண்டே போகும். ஒரு நாள் இறக்கத்தில் மூட்டு கழன்றால், ஸ்டீயரிங் கையில் இருந்தும் சக்கரம் நம் பேச்சைக் கேட்காது. பின்தட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் வீட்டுப் பிள்ளைகள்?

ஆகவே, வாங்குவதற்கு முன் சோதனை. அதற்கு இரண்டு பேர் வேண்டும்; வீட்டில் வளர்ந்த மகனோ மகளோ உதவலாம். வண்டி தரையிலேயே நிற்கட்டும். ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் சிறிது சிறிதாக ஆட்ட, மற்றவர் ஒவ்வொரு மூட்டையும் பார்க்க வேண்டும். தண்டு நகர்ந்தும் அடுத்த பாகம் நகராமல் நின்றால், அந்த மூட்டில்தான் தேய்மானம். பிறகு பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டின் மேல் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் நுழையக் கூடாது. சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து அசைத்தால் பேரிங்கின் ஆட்டம் தெரியும். டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறதா, பாலன்ஸ் சரியா என்பதையும் பாருங்கள். இவற்றைச் சரிசெய்த பிறகே டேம்பர்.

சாதாரண அப்சர்பரைப் படுக்கவைத்துப் பூட்டிச் செலவை மிச்சப்படுத்தலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். பல அப்சர்பர்களில் படுத்த நிலையில் எண்ணெய்க்குள் காற்று கலந்துவிடும்; பிடிப்பு இராது. வாயு அடைத்த டேம்பர் தண்டைத் தானாக வெளியே தள்ளப் பார்க்கும். ஒன்றை மட்டும் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கக்கூடும். நம்மைக் கேட்டால், எண்ணெய் டேம்பரே போதும் என்போம்.

பொருத்தும்போது சக்கரங்களை நேராக வைத்து, டேம்பரின் தண்டு பாதி வெளியே இருக்கும்படி பிடிகளை மாட்டுங்கள். பிறகு ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெல்லத் திருப்பிப் பாருங்கள். சக்கரத்தை நிறுத்த அச்சில் உள்ள தடைதான் முதலில் முட்ட வேண்டும். டேம்பர் முந்திக்கொண்டு முட்டினால் பிடி பிய்ந்துபோகும், வளைவில் திருப்பமும் குறையும். பிரேக் குழாயிலோ ஸ்பிரிங்கிலோ அது உரசக் கூடாது. ரப்பர் புஷ் பிதுங்கும் அளவுக்கு நட்டை முறுக்கவும் வேண்டாம்.

முதலில் ஆளில்லாத சாலையில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்ப வேண்டும். மந்தமாக நின்றால் டேம்பர் வண்டிக்கு அதிகக் கடினம் என்று பொருள், மாற்றிவிடுங்கள். சில நாள் ஓடியதும் எல்லா நட்டையும் மறுபடி இறுக்குங்கள். அதுவரை பின்தட்டில் யாரையும் ஏற்ற வேண்டாம். கட்டைவிரலும் வளையத்துக்கு வெளியேயே இருக்கட்டும்.