பளிங்கிலே குற்றம் வேண்டும்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பொருள் விஞ்ஞானப் பொறியியல் கற்கப்போகிறோம் என்று வீட்டிலே சொன்னால், "பாலங் கட்டுவதா, இயந்திரஞ் செய்வதா? இதற்கு என்ன உத்தியோகம்?" என்று பெரியோர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். அதற்கு விடையாக ஒருவரது தொழில் வாழ்க்கையை எடுத்துரைக்க விரும்புகிறோம்.

அவர் இயூஜின் ஹாலர். 1943இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரிற் பிறந்தவர். அங்கேயே கலாநிதிப் பட்டம் பெற்று, 1971இல் அமெரிக்காவின் பேர்க்கிலி ஆய்வுகூடத்தைச் சேர்ந்தவர். 2018இற் காலமானார். அவரது பணியின் நடுநாயகமாய் விளங்கிய மூலகம் ஜேர்மானியம்.

ஜேர்மானியப் பளிங்கினுள் காமாக் கதிர் விழுந்தால், அதன் சக்திக்கேற்ப மின்னேற்றம் பிறக்கும். அதை அளந்தால், எந்தக் கதிர்த்தொழிற்பாட்டுப் பொருள் அக்கதிரை விட்டதென்று சொல்லிவிடலாம். ஆனால் பளிங்கில் அந்நிய அணுக்கள் மிகுந்தால் ஒரு மெல்லிய படை மாத்திரமே கதிரை உணரும், மிகுதி வீண். 1960களில் இலித்தியத்தை உட்செலுத்தி இக்குறையை ஈடுசெய்தனர். அக்கருவிக்கோ ஓயாத காவல் வேண்டும். சய 196 பாகையிலுள்ள திரவ நைதரசன் தீர்ந்து பளிங்கு சூடேறினால், இலித்தியம் இடம்பெயர்ந்து கருவி பழுதாகிவிடும். தீபாவளி என்றாலும் அதற்கு விடுமுறை இல்லை!

இலித்தியமே வேண்டாத அளவுக்கு ஜேர்மானியத்தைத் தூய்மையாக்கும் வேலையிலே ஹான்சன் என்பவரும் ஹாலரும் பேர்க்கிலியில் இறங்கினர். இலட்சங் கோடி அணுக்களுக்குள் குறுக்கிடும் அந்நிய அணு ஒன்றுகூட இருத்தலாகாது. ஏறத்தாழ இருபதினாயிரம் தொன் அரிசியில் ஒரு கல் என்க. சுளகு பிடிக்கும் எம் அன்னையரும் திகைப்பர். அத்தகைய பளிங்கு கிடைத்தது. வேலைசெய்யும்போது குளிர் வேண்டுமேயன்றி, இடையிலே சூடேறினாற் கெடாது. உணவிலும் நீரிலும் கதிர்த்தொழிற்பாட்டை அளக்கும் ஆய்வுகூடங்களில் இன்று நிற்பது அவ்வினமே.

எம்மை மிகக் கவர்ந்தது வேறொன்று. அணுவரிசையிலும் பிறழ்வே இல்லாத பளிங்கையும் வளர்த்துப் பார்த்தனர். அது நன்றாக வேலை செய்யவில்லை! காரணத்தை ஹாலரும் துணைவரும் 1977இல் வெளியிட்டனர். இப்பளிங்கை ஐதரசன் வாயுவிலே வளர்ப்பர். குளிரும்போது, அணு இருக்கவேண்டிய இடங்கள் சில வெறுமையாய் எஞ்சி, ஐதரசனோடு கூடி, மின்னேற்றத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வரிசையில் அளவான பிறழ்வுகள் இருப்பின் அவ்வெற்றிடங்கள் அங்கே சென்று மறைந்துவிடும். ஆகவே நல்ல பளிங்கு குற்றமே அற்றதன்று. இத்தனை குற்றம் இருக்கவேண்டுமென்று அளந்து வளர்க்கப்பட்டது. அந்த அளவை அறிவதுதான், பெரியோர்களே, நீங்கள் கேட்ட உத்தியோகம்.

பின்னர், அணுவுலையின் நியூத்திரன்களைக் கொண்டு ஜேர்மானிய அணுக்கள் சிலவற்றையே வேறு மூலகமாக்கி, வேண்டிய அந்நிய அணுவைச் சீராகப் பரப்பும் முறையையும் ஹாலர் கையாண்டார். அவ்வாறு ஆக்கிய நுண்ணிய வெப்பமானிகள் 2009இல் ஏவப்பட்ட பிளாங்க் செய்மதியிலே சென்று, பிரபஞ்சத்தின் மிகப் பழைய ஒளியை அளக்க உதவின.

நேரமாகிவிட்டது, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.