வேடமும் வேடத்துக்கு உரியவரும்



நாட்டார் வழக்காறுகளைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு வேடம்: குலசேகரன்பட்டினம் தசராவில் கட்டப்படும் குறவன் குறத்தி வேடம். அது எங்களை இழிவுபடுத்துகிறது என்று குறவர் மக்கள் சொன்னால், பக்தியைக் காட்டி அவர்கள் வாயை அடைத்துவிடலாமா என்பதே என் கேள்வி.

அவ்வூர் முத்தாரம்மன் கோயிலில் கொடியேறியதும் தசரா குழுக்கள் காப்புக் கட்டிக்கொள்ளும். காளி வேடம் கட்டுகிறவர் அதற்கு வெகுநாள் முன்பே மாலை போட்டு விரதம் தொடங்கியிருப்பார். ராஜா, அனுமன், கரடி, போலீஸ், பிச்சைக்காரர், குறவன், குறத்தி என்று அவரவர் நேர்ந்துகொண்ட வேடத்தில், மேளம் முழங்க ஊர் ஊராகப் போய்த் தர்மம் எடுப்பார்கள். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் மகிஷாசுரன் வீழ்ந்து, மறுநாள் காப்பு அவிழும்வரை இது தொடரும். சேர்ந்த காசு அம்மன் உண்டியலுக்குப் போகும். சொந்தத்தில் நாலு லாரி ஓட்டுகிறவரும் பக்கத்து வீட்டு வாசலில் தட்டேந்தி நிற்பார். மனிதனின் கர்வத்தை உடைக்க இதைவிடக் கூர்மையான சடங்கு நம்மிடம் அதிகம் இல்லை. இதை மனமார மதிக்கிறவனாகவே பேசுகிறேன்.

இனி அந்தக் குறத்தி வேடத்தை அருகில் நின்று பாருங்கள். கட்டியிருப்பவர் பெரும்பாலும் ஆண். கழுத்து நிறைய பிளாஸ்டிக் பாசி, இடுப்பில் கூடை, முதுகுத் தூளியில் ஒரு ரப்பர் பொம்மை, கன்னத்தில் பச்சை குத்தியதுபோல் மைப்புள்ளிகள். வாயைத் திறந்தால் 'சாமியோவ்' என்று ஒரு இழுவை. தமிழ் பேசி, கூடை முடைந்து, குறி சொல்லி வாழ்ந்த குறவர் வேறு. வாக்ரிபோலி பேசும் நரிக்குறவர் வேறு. இரண்டு மக்களையும் ஒன்றாகக் குழைத்த இந்த உருவத்தில் சினிமாவுக்குப் பெரும்பங்கு உண்டு. 1968இல் வந்த ஒளி விளக்கு படத்து நரிக்குறவர் ஆட்டம் இன்றும் எத்தனையோ கோயில் கொடை மேடைகளில் ஏறுகிறது. கட்டுகிறவருக்குத் தெரிந்ததெல்லாம் திரையில் பார்த்த குறத்திதான்.

காளியாக வேடம் கட்டும்போது மனிதன் மேலே ஏறுகிறான். ராஜாவாகவும் அப்படியே. குறவனாகக் கட்டும்போது? 'அம்மனுக்காக இவ்வளவு தாழ்ந்து நிற்கிறேன்' என்பதே அந்த நேர்த்தியின் உள்ளுறை. குறவன் தாழ்ந்தவன் என்ற எண்ணம் இல்லாவிட்டால் அந்த வேடத்தில் பணிவே இல்லை. என் மனம் அங்கேதான் இடறுகிறது. நம்முடைய பணிவைக் காட்ட இன்னொருவருடைய பிறப்பை எடுத்துக்கொள்கிறோம். நம் வேடம் பத்து நாளில் கலைந்துவிடும். அவர்கள் ஆண்டு முழுவதும் அந்தப் பெயரோடு வாழ்கிறார்கள்.

அந்தப் பெயரோடு வாழ்வது லேசானதாக இருந்ததில்லை. 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. அதன்கீழ் குறவர்களில் பல பிரிவினர் பிறவிக் குற்றவாளிகளாகப் பதியப்பட்டு, போலீஸ் கண்காணிப்பில் வைக்கப்பட்டார்கள். இங்கே 1947இல் சட்டம் போனது, சந்தேகம் போகவில்லை. 2021இல் மாமல்லபுரத்தில், கோயில் அன்னதானப் பந்தியில் உட்கார வந்த நரிக்குறவர் பெண்ணை எழுப்பி அனுப்பினார்கள். அது பெருஞ்செய்தியானது; அமைச்சரே பிறகு அவருடன் பந்தியில் அமர்ந்து உண்டார். குறத்தி வேடம் கட்டியவருக்கு வீடுதோறும் அரிசியும் காசும் விழும் இதே நாட்டில், அதே பாசிமணியை அன்றாடம் அணிந்தவருக்குக் கோயில் பந்தியில் இலை இல்லை. இதைவிடப் பெரிய சான்று எனக்கு வேண்டியதில்லை.

2023 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஆடல் பாடல் நிகழ்ச்சிகளில் குறவன் குறத்தி என்ற பெயரில் நடக்கும் ஆபாச ஆட்டத்துக்குத் தடை சொன்னது. மார்ச் மாதம் தமிழக அரசு அந்த ஆட்டத்தைக் கலைகளின் பட்டியலிலிருந்தே நீக்கியது. இவை மேடை ஆட்டத்தைப் பற்றியவை; நேர்த்தி வேடத்தைப் பற்றி நாம்தான் யோசிக்க வேண்டும்.

நெதர்லாந்திலும் இப்படி ஒரு வேடத்தைப் பற்றிய வாதம் நெடுநாள் நடந்தது. டிசம்பர் 5ஆம் தேதி புனித நிக்கோலஸின் விழாவில் அவருடைய வேலையாளாக, முகத்தில் கரி பூசி, சுருட்டை முடியும் சிவப்பு உதடுமாக 'கறுப்பு பீட்' வருவான். யான் ஸ்கெங்க்மான் என்ற பள்ளி ஆசிரியர் 1850இல் வெளியிட்ட சிறுவர் நூல்தான் புனிதருக்குக் கறுப்பு வேலையாளைச் சேர்த்துப் பரப்பியது. சுரினாமில் டச்சுக்காரர்கள் அடிமைமுறையை ஒழித்தது 1863இல்தான். 2011இல் இந்த வேடம் இனவெறி என்று சட்டையில் எழுதி நின்றவர்களைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. 'குழந்தைகள் விழா, யாரையும் புண்படுத்தும் எண்ணம் இல்லை' என்று பெரும்பான்மையினர் சொன்னார்கள். பொய்யாகச் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஆனாலும் 2019இல் தேசிய ஊர்வலத்தில் முழுக்கரி போய், புகைபோக்கி வழி இறங்கி வந்தவன்போலச் சில கரிக்கோடுகள் மட்டும் நின்றன. மறு ஆண்டு அன்றைய பிரதமர் ருட்டேயும் தம் கருத்து மாறியதை ஒப்புக்கொண்டார். விழா நின்றுபோகவில்லை.

குறவஞ்சி இலக்கியத்தையும் தள்ளுவீர்களா என்று கேட்பார்கள். திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் வரும் சிங்கி தன் மலையைப் பெருமையாகப் பேசுகிறவள். தலைவி வசந்தவல்லிக்கே குறி சொல்கிறவள். அவளைத் தெருவேடத்தோடு சேர்த்துப் பேசுவது நூலை வாசிக்காத பேச்சு.

தடை போட்டு இதைத் தீர்ப்பதில் எனக்கு விருப்பமில்லை. போலீஸ் வந்து பறிக்கும் வேடம் மறு ஆண்டு வீம்புக்காகவே திரும்பி வரும். காப்புக் கட்டுவதற்கு முன் கூடும் குழுக் கூட்டத்தில் பெரியவர்கள் இதைப் பேச வேண்டும். பக்கத்தில் குறவர் குடியிருப்பு இருந்தால் அவர்களையும் அழைத்துக் கேட்க வேண்டும். ஏற்கெனவே குறத்தி வேடம் நேர்ந்துகொண்டவர் அம்மனிடம் சொல்லிவிட்டுப் பிச்சைக்காரர் வேடம் கட்டலாம். தட்டும் அதுவே, விரதமும் அதுவே, காசு விழுவதும் அதே உண்டியலில்தான்.