இருட்டறை இல்லாத கிளினிக்

சர்க்கரை நோய், விழித்திரையை மெல்ல மெல்லப் பழுதாக்கும். ஆரம்பத்தில் வலி இருக்காது, பார்வையும் குறையாது. அதனால் பலர் கண்ணைப் பரிசோதிப்பதே இல்லை.

விழித்திரைப் படத்தைப் பார்த்தே இந்தப் பழுதைச் சொல்லும் செயற்கை நுண்ணறிவை கூகுள் உருவாக்கியது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் படங்களும் அதற்குப் பாடமாயின. 2016-ல் வெளியான ஆய்வில், அது கண் டாக்டர்களுக்கு நிகராகவே பழுதைக் கண்டுபிடித்தது.

பிறகு அந்தக் கருவி தாய்லாந்தின் கிளினிக்குகளுக்குப் போனது. பல இடங்களில் இருட்டறை இல்லை. வெளிச்சத்தில் எடுத்த படங்கள் மங்கின. ஐந்தில் ஒரு படத்துக்கு மேல் 'தெளிவில்லை' என்று கருவி தள்ளிவிட்டது. படங்களை அனுப்பும் இணையமும் மெதுவாக இருந்ததால் நோயாளிகள் காத்துக் கிடந்தார்கள்.

மங்கலான படத்தை வைத்துத் தப்பாகச் சொல்வதைவிடத் தள்ளிவிடுவது நல்லதுதான். ஆனாலும் குளத்தில் நீந்தியவருக்கு ஆறு வேறுதானே?

செயற்கை நுண்ணறிவை வைத்துக் கடன் கொடுக்கும் வங்கிக்கும், ரோபோ ஓடும் தொழிற்சாலைக்கும் இதே கதைதான். இப்படி ஒரு கருவி வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: எங்கள் இடத்தில் சோதித்தீர்களா? தப்பு நடந்தால் பொறுப்பு யாருக்கு? பதில் கிடைத்த பிறகு பயன்படுத்துங்கள்.