பெற்றோலைக் கைவிட்டால் மட்டும் போதுமா?

(யாழ்ப்பாணத்தில் உத்தியோகத்தரும் கமக்காரரும் கலந்துகொண்ட பொதுக்கூட்டம் ஒன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



பெற்றோல் விலை ஏறிக்கொண்டே போகின்றது. ஆகவே மின்சார மோட்டார் வண்டிக்கு மாறலாமா, வேண்டாமா என்பது பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். இது மோட்டார் வண்டி வைத்திருப்போரின் கவலை, தோட்டம் செய்யும் எமக்கு இதில் என்ன என்று பின்வரிசையில் அமர்ந்திருக்கும் கமக்கார அன்பர் எண்ணக்கூடும். அவருக்கே இதில் பெரும் பங்கு உண்டு. வைத்தியருடைய வண்டி ஒரு நாள் ஓடாவிட்டால் அவர் துவிச்சக்கர வண்டியில் ஏறிப் போகலாம். வெங்காயப் பயிருக்குத் தண்ணீர் இறைக்கும் நாளில் எண்ணெய் இல்லாவிட்டால், பயிருக்கு நாளை வரச்சொல்லித் தவணை கூற முடியுமா?

2021ஆம் ஆண்டின் முடிவில் சாதாரண பெற்றோல் ஒரு லீற்றர் 177 ரூபா. 2022 ஜூன் மாத இறுதியில் அது 470 ரூபா. ஆறு மாதத்தில் இரண்டரை மடங்குக்கு மேல்! மண்ணெண்ணெயின் கதையோ இதனிலும் கொடியது. 87 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 2022 ஆகஸ்டில் ஒரே நாளில் 340 ரூபா ஆயிற்று. பெற்றோல் விலையைப் படிப்படியாக ஏற்றிய அரசாங்கம், ஏழைக் கடற்றொழிலாளியும் கமக்காரனும் நம்பியிருந்த எண்ணெயை ஒரே பாய்ச்சலில் ஏற்றியது.

விலை மட்டுமா? அவ்வாண்டு ஏப்ரிலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைக் கட்ட இயலாதென்று கைவிரித்தது. டொலர் இல்லை, டொலர் இன்றேல் எண்ணெய்க் கப்பல் இல்லை. ஜூன் 28 முதல் இரு கிழமை அளவுக்கு அத்தியாவசிய சேவைகளுக்கன்றி வேறெவருக்கும் எண்ணெய் இல்லை என்று அறிவித்தார்கள். பின்னர் பங்கீட்டு அட்டை முறை வந்தது: மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், காருக்கு 20 லீற்றர். கையில் பணம் வைத்திருந்தவனும் வரிசையில் நின்றான். பணம் இல்லாதவனும் வரிசையில் நின்றான். எண்ணெய் என்பது விலைப் பிரச்சினை மாத்திரமன்று, அது பிறர் கையில் இருக்கும் கடிவாளம் என்பதைத் தென்னிலங்கை மக்கள் அன்று உணர்ந்தார்கள்.

நாம் அதனை முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே உணர்ந்தவர்கள். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் இக்குடாநாட்டுக்கு மின்சாரமும் இல்லை, பெற்றோலும் இல்லை. பொருளாதாரத் தடையின் கீழ்த் தீப்பெட்டிக்கும் பற்றரிக்கும் ஏங்கினோம். சிறிது பெற்றோலை ஊட்டி இயந்திரத்தைக் கிளப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளையும் பழைய ஒஸ்ரின் கார்களையும் ஓட்டியவர்கள் நம்மவர்கள். துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் நம்மவர்கள். ஆகவே எரிபொருளை மாற்றுவது எமக்குப் புதிய வித்தையன்று. ஆனால் அன்று மாறியது வேறு வழியின்மையால். இன்று ஆராய்ந்து மாறுவதற்கு அவகாசம் இருக்கின்றது. அந்த அவகாசத்தை எவ்வாறு பயன்படுத்துவது என்பதே கேள்வி.

முதலிற் கணக்கைப் பார்ப்போம். 2025 ஜூலை மாத விலையை எடுத்துக்கொள்கிறேன்: பெற்றோல் 305 ரூபா, மண்ணெண்ணெய் 185 ரூபா. இன்றைய விலை எதுவோ அதனை நீங்கள் இட்டுப் பார்த்துக்கொள்ளலாம். கணக்கின் வழி ஒன்றுதான். லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் காருக்குக் கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 25 ரூபா செல்லும். மின்சாரக் கார் ஓர் அலகில் 6 கிலோமீற்றர் ஓடுமென்றும், அலகுக்கு 60 ரூபா கட்டுகிறோமென்றும் வைத்துக்கொண்டால், கிலோமீற்றருக்கு 10 ரூபா. மிச்சம் 15 ரூபா. மாதம் ஆயிரம் கிலோமீற்றர் ஓடுபவருக்கு மாதம் 15,000 ரூபா. ஆண்டுக்கு 1,80,000 ரூபா.

நல்ல மிச்சந்தான். ஆனால் வண்டியின் விலை? 2020 மார்ச்சில் நிறுத்திய மோட்டார் வண்டி இறக்குமதியை 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதித்த அரசாங்கம், அதன்மேல் வரிக்குமேல் வரி சுமத்தியிருக்கின்றது. இருக்கின்ற வண்டியை விற்று, மேலும் 40 இலட்சம் போட்டு மின்சார வண்டி வாங்குபவர் அந்தப் பணத்தை மிச்சத்தால் மீட்க 22 ஆண்டுகள் வேண்டும். அதுவரை வண்டி இருக்குமா, பற்றரி இருக்குமா? பற்றரிக்கு எட்டு ஆண்டு உத்தரவாதம் தருவதே பெரிய விஷயம். மேலும் போட வேண்டியது 10 இலட்சம் மாத்திரமே என்றால் ஐந்தரை ஆண்டில் முதல் திரும்பிவிடும், அவர் மாறலாம். விரலுக்குத் தக்க வீக்கம் என்பது முதுமொழி.

பழைய மின்சார வண்டியை மலிவென்று வாங்குவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பத்தாண்டுகளுக்கு முன் இந்நாட்டுக்கு வந்த நிசான் லீஃப் வண்டிகளின் பற்றரிக்குத் திரவத்தாற் குளிரூட்டும் ஏற்பாடு கிடையாது. எங்கள் வெப்பத்தில் அது விரைவில் வலுவிழக்கும். புதிதாக இருந்தபோதே ஒரு முறை மின்னேற்றி வவுனியா போய்ச் சேருவது சந்தேகமாக இருந்த வண்டி, இன்று கிளிநொச்சி போய்த் திரும்புமா என்று சோதித்துப் பார்த்த பின்னரே பணத்தை எண்ணிக் கொடுங்கள்.

இனி மோட்டார் சைக்கிள். லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும் மோட்டார் சைக்கிளுக்குக் கிலோமீற்றருக்கு 7 ரூபாவுக்குச் சற்றுக் குறைவு. மின்சார மோட்டார் சைக்கிள் ஓர் அலகில் ஏறக்குறைய 30 கிலோமீற்றர் ஓடும். கிலோமீற்றருக்கு 2 ரூபா. வீட்டுச் சுவரில் இருக்கும் சாதாரண இணைப்பிலேயே மின்னேற்றலாம். பாடசாலைக்கும் கந்தோருக்கும் சந்தைக்கும் தினமும் இருபது முப்பது கிலோமீற்றர் போய்வருகின்ற நம்மவருக்கு, மாற்றம் தொடங்க வேண்டிய இடம் இதுவே.

அதற்கும் முன்னதாகத் தொடங்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது கிணற்றடி.

குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கல்லின் அடியில் தங்கிய மழைநீரே எங்கள் ஆறு. துலா மிதித்து இறைத்தார்கள் எங்கள் பாட்டன்மார். பின்னர் மண்ணெண்ணெய் இயந்திரம் வந்தது. அவ்வியந்திரம் மணிக்கு ஒரு லீற்றர் குடிக்குமானால் 185 ரூபா. இரண்டு குதிரைவலு மின் மோட்டாருக்கு மணிக்கு இரண்டு அலகு. மேற்சொன்ன வீதத்தில் 120 ரூபா. சூரியத் தகடு பூட்டினால் முதற் செலவின் பின்னர் நாளாந்தச் செலவு இல்லை. வெயில் இருக்கும் பொழுதே இறைப்பதால் விலையுயர்ந்த பற்றரியும் வேண்டியதில்லை. வெயில் கடுமையான நாளிலேதான் பயிருக்குத் தண்ணீரும் கூடுதலாகத் தேவை. இத்தனை பொருத்தம் எந்த மோட்டார் வண்டிக்கும் வாய்க்காது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. எண்ணெய்க்குக் காசு கொடுத்தவன் அளந்து இறைத்தான். சூரியன் இலவசமென்றால் கை நிற்காது. எங்கள் நன்னீர், கடல்நீரின் மேல் மிதக்கும் ஒரு படலம். மிகையாக இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறும். எண்ணெய்ச் செலவை மீதப்படுத்திக் கிணற்றை இழந்தவன் எதைக் கொண்டு கமம் செய்வான்? ஆகவே சூரிய இயந்திரம் வாங்குகின்ற ஒவ்வொரு கிராமமும், எத்தனை மணி நேரம் இறைப்பது என்ற கட்டுப்பாட்டையும் தானே வகுத்துக்கொள்ள வேண்டும்.

அன்பர்களே! இனி இவற்றுக்கெல்லாம் அடியில் உள்ள கேள்விக்கு வருகிறேன். அந்த மின்சாரம் எங்கிருந்து வருகின்றது?

நுரைச்சோலையில் 900 மெகாவாற் நிலையம் இறக்குமதி செய்த நிலக்கரியை எரிக்கின்றது. இரவில் எமது வண்டிக்கு மின்னேற்றும்போது, பெற்றோல் கப்பலை விட்டு நிலக்கரிக் கப்பலைப் பிடிக்கின்றோம், அவ்வளவே. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்சாரம் நிறுத்தப்பட்டதை மறந்துவிட்டீர்களா? அவ்வாண்டு ஆகஸ்டில் மின் கட்டணத்தைச் சராசரி நூற்றுக்கு 75 ஏற்றினார்கள். 2023 பெப்ரவரியில் மேலும் நூற்றுக்கு 66. பின்னர் இறக்கினார்கள், மீண்டும் ஏற்றினார்கள். 2025 பெப்ரவரி 9ஆந் திகதி பாணந்துறை உப நிலையத்திற் புகுந்த ஒரு குரங்கினால் முழுத் தீவும் இருளில் மூழ்கியது என்று அமைச்சரே சொன்னார். ஒரு குரங்கின் தயவில் இருக்கின்ற மின்சாரத்தை நம்பி நாம் சகலத்தையும் ஒப்படைக்கலாமா?

எண்ணெய் எரித்து மின்சாரம் செய்ததன் பலனைச் சுன்னாகம் மக்கள் தம் கிணற்றிலேயே கண்டார்கள். நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்தது பற்றிய வழக்கில், 2019 ஏப்ரிலில் உயர் நீதிமன்றம் மின் உற்பத்திக் கம்பனியை 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தும்படி தீர்ப்பளித்தது. கிணற்றைக் காக்கும் மின்சாரமும் உண்டு. கிணற்றைக் கெடுக்கும் மின்சாரமும் உண்டு.

அப்படியானால் காற்றும் வெயிலும் இல்லாத நாடா இது? 2020 டிசம்பரிலே மன்னாரில் நூறு மெகாவாற்றுக்கு மேற்பட்ட காற்றாலைகள் சுழலத் தொடங்கின. மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற் காற்றாலை அமைக்க இந்தியாவின் அதானி நிறுவனத்துடன் பேசினார்கள், அலகுக்கு 8.26 அமெரிக்கச் சதம் என்ற விலை பெரும் சர்ச்சைக்குள்ளாயிற்று. 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்குமான மின்திட்டத்தை 2021இல் சீனக் கம்பனிக்கு வழங்கினார்கள்; இந்தியா ஆட்சேபித்தது; 2024 மார்ச்சில் 1 கோடி 10 இலட்சம் டொலர் இந்திய நன்கொடையுடன் இந்தியக் கம்பனியோடு ஒப்பந்தம் எழுதப்பட்டது. பேசியவர்கள் கொழும்பும் டில்லியும் பீக்கிங்கும். தீவில் வாழ்கின்றவனை யார் கேட்டார்கள்? காற்றாலையின் அடியில் வெள்ளம் தேங்குகின்றது, மீன் குறைகின்றது என்று 2025இல் மன்னார் மக்கள் வீதியில் இறங்க நேர்ந்தது ஏன்? எங்கள் காற்று ஏலத்தில்; எங்கள் கருத்து வாசலில்!

1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நீர்மின்சாரமும் தேசிய வலைப்பின்னலுக்குச் செல்லும் மின்சாரமும் நீங்கலாக, மாகாணத்துள் மின்சக்தி உற்பத்தி செய்யும் இடங்களையும் வசதிகளையும் அபிவிருத்தி செய்து நிருவகிக்கும் அதிகாரத்தை மாகாண சபைகளின் பட்டியலிற் சேர்த்திருக்கின்றது. அது போதிய அதிகாரம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குறுகிய கதவும் திறக்கப்படவில்லை. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தலின்றியே ஆண்டுகள் பல கழிந்தன. கிராமத்துக் குளத்தருகே நூறு தோட்டங்களுக்கு ஒரு சிறு சூரிய நிலையம் அமைப்பதற்கும் கொழும்பின் தயவை நாடி நிற்பது எத்தகைய சுயாட்சி?

இன்னொரு விநோதத்தையும் கேளுங்கள். 2016 முதல் கூரைமேற் சூரியத் தகடு பூட்டும்படி மக்களை ஊக்குவித்தார்கள். 2025 ஏப்ரில் புதுவருட விடுமுறையில் அதே மக்களைப் பார்த்து, பகலில் தகடுகளை நிறுத்தி வையுங்கள் என்றார்கள். பகல் வெயிலில் மின்சாரம் மிஞ்சுகின்றது; சேமித்து வைக்க இடமில்லை. மாலை ஆறரைக்கு மேல் எல்லோரும் விளக்கேற்றும்போது போதாமல் எண்ணெயை எரிக்கின்றார்கள். இந்த முரண்பாட்டுக்குள்ளேதான் எமது விடை இருக்கின்றது. மிஞ்சுகின்ற பகல் மின்சாரத்தைக் குடிக்கும் கிணற்று மோட்டாரும், கந்தோர் வளவில் பகல் முழுதும் நிற்கும் மோட்டார் வண்டியும் நாட்டுக்கும் நன்மை, நமக்கும் நன்மை. மாலை வீடு திரும்பியவுடன் மின்னேற்றத் தொடங்கும் வண்டியோ சுமைமேற் சுமை.

ஆகவே என் அபிப்பிராயத்தைச் சுருங்கக் கூறுகின்றேன். நன்றாக ஓடும் பெற்றோல் காரை விற்றுக் கடன்பட்டு மின்சாரக் கார் வாங்குவதற்கு அவசரப்பட வேண்டாம். பழைய கார் கழியும் காலத்திற் கணக்குப் பார்த்து மாறுங்கள். மோட்டார் சைக்கிள் வாங்க இருப்பவர் மின்சார மோட்டார் சைக்கிளை முதலிற் பாருங்கள். கமக்காரர் கிணற்றடியில் இன்றே தொடங்குங்கள். தனித்தனியாகக் கடன்படாமல் கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் தொடங்குங்கள். வைத்தியரும் ஆசிரியரும் பொறியியலாளரும் தம் வண்டிக்கு மட்டும் தகடு பூட்டிக்கொண்டு ஒதுங்காமல், சங்கத்துக்கு முதல் கொடுத்தும் கணக்கும் தொழில்நுட்பமும் சொல்லிக் கொடுத்தும் துணை நில்லுங்கள். பள்ளியிலும் ஆஸ்பத்திரியிலும் பகலில் மின்னேற்றும் வசதி கேளுங்கள். மாகாண சபைக்குத் தேர்தலையும், சிறு மின் நிலையங்களுக்குரிய அதிகாரத்தையும் வாக்குக் கேட்டு வருகின்ற ஒவ்வொருவரிடமும் வற்புறுத்துங்கள்.

1961இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தை நிறுவிப் பின்னர் அந்நியக் கம்பனிகளின் எண்ணெய் வியாபாரத்தை அரசுடைமையாக்கியபோது, இனி நாடு தன் காலில் நிற்கும் என்றார்கள். பெயர்ப்பலகை மாறியது, எண்ணெய் அந்நிய நாட்டிலிருந்தே வந்தது, அறுபத்தோராவது ஆண்டில் நாடு வரிசையில் நின்றது. பலகையை மாற்றுவது விடுதலையன்று. பெற்றோலிலிருந்து மின்சாரத்துக்குப் போவதும், ஊற்று எமது கையில் இல்லாதவரை, அதே பலகை மாற்றந்தான். வண்டியை மாற்றுவதற்கு முன் ஊற்றை எமதாக்குவோம்.