பாத வைத்தியரிடம் போகுமுன்



தில்லியில் மார்கழி, தை மாதங்களின் குளிர் எத்தகையது என்பதை இங்கே குடியேறியுள்ள தமிழர்களுக்குச் சொல்லவேண்டுவதில்லை. நாம் அறிந்த பெரியவர் ஒருவர், இருபது ஆண்டுகளாக நீரிழிவு உடையவர், அத்தகைய ஓர் இரவில் வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு உறங்கினார். காலையில் போர்வையை மடிக்கப் போன அவர் மனைவியார், கணவரின் வலது குதிகாலில் நெல்லிக்காயளவு கொப்புளம் எழும்பியிருப்பதைக் கண்டார். பெரியவருக்கோ அது தெரியவே இல்லை. “வலியே இல்லை, வைத்தியரிடம் எதற்கு?” என்று பத்து நாட்களைக் கடத்தினார். அந்தப் புண் ஆற ஐந்து மாதங்கள் ஆயின.

வலிக்கவில்லை என்பதே அங்கு நோய். நெடுநாள் நீரிழிவு பாதத்து நரம்புகளை மெல்ல மெல்ல உணர்விழக்கச் செய்கிறது; இரத்தக் குழாய்களையும் குறுகச் செய்கிறது. முள் தைத்தாலும் தெரியாது. தைத்த இடத்தில் புண் ஆற வேண்டிய இரத்தமும் போதிய அளவு வாராது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு ஒன்று 2023-ல் வெளியாயிற்று. அதன் கணக்குப்படி நம் நாட்டில் நீரிழிவு உடையோர் ஏறத்தாழ 10 கோடிப் பேர். ஆகவே இது யாரோ சிலருடைய கவலை அன்று.

இவ்விஷயத்தில் உலகுக்கு வழி காட்டிய ஊர்களுள் நம் வேலூரும் ஒன்று. 1946-ல் அங்குள்ள கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதங்களில் புண் ஏன் ஓயாமல் வருகிறது என்று ஆராய்ந்தார். உணர்வற்ற பாதம் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் அழுந்துவதே பெருங்காரணம் என்று தெளிந்தார். அழுத்தத்தைப் பரப்பிவிடும் மென்மையான ரப்பர் செருப்புகள் அங்கே உருவாயின. அந்த அறிவே பின்னர் நீரிழிவுப் பாதத்திற்கும் பயன்பட்டது. எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று வைத்தியர் எழுதிக் கொடுப்பது அந்த வழியில் வந்ததேயாகும்.

பாத சிகிச்சை நிலையத்திற்குச் செல்லுமுன் நாம் செய்துகொள்ள வேண்டிய முதல் ஆயத்தம் சொற்களைப் பற்றியது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இப்படிச் சொல்வது இயல்பு என்று நேயர்கள் நகைக்கலாம். ஆயினும் எண்ணிப் பாருங்கள். தமிழில் நமக்கு எரிச்சல் உண்டு. குடைச்சல், குறுகுறுப்பு, மதமதப்பு, மரத்துப்போதல் என்று வேறு வேறு உண்டு. இந்தி பேசும் வைத்தியர் முன் அமர்ந்ததும் இவை அத்தனையும் “தர்த்” என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன! எரிச்சலுக்கு “ஜலன்” என்றும், குறுகுறுப்புக்கு “ஜுன்ஜுனி” என்றும், மரத்துப்போனதற்கு “ஸுன்ன்” என்றும் சொல்லப் பழகிக்கொண்டால் போதும். மும்பையிலும் கொல்கத்தாவிலும் இருப்போர் அவ்வவ்வூர்ச் சொற்களை அண்டை வீட்டாரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நலம். சொல் கிடைக்காவிடில் நிகழ்ச்சியைச் சொல்லுங்கள்: பஞ்சின்மேல் நடப்பதுபோல் இருக்கிறது, செருப்பு கழன்று விழுந்ததும் தெரியவில்லை, இருநூறு அடி நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது. இக்கடைசி அடையாளம் இரத்த ஓட்டக் குறையைக் காட்டக்கூடியது, மறவாமல் சொல்லவேண்டும்.

அன்றாடம் அணியும் பழைய செருப்பையே அணிந்து செல்லுங்கள். வைத்தியரைப் பார்க்கப் போகிறோம் என்று புதுச் செருப்பு வாங்கி அணிவோர் பலர். எந்த இடத்தில் அழுத்தம் மிகுதி என்பதைத் தேய்ந்த செருப்பன்றோ காட்டும்! மருதாணியும் நகப்பூச்சும் தோலின் நிறத்தையும் நகத்தின் நிலையையும் மறைக்குமாதலால், செல்வதற்குச் சில வாரம் முன்பே அவற்றை நிறுத்திவிடுதல் நன்று. கால் ஆணியையும் காய்ப்பையும் சவர பிளேடால் சீவிக்கொண்டு போகலாகாது. ஆணிக்கால் பிளாஸ்திரியில் உள்ள அமிலம் நல்ல தோலையும் அரித்துவிடும். காய்ப்பின் அடியில் புண் ஒளிந்திருப்பதுண்டு. அதை நீக்குவது வைத்தியர் வேலை. உண்ணும் மருந்துகளின் பட்டியல், அண்மையில் எடுத்த மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கு ஆகியவற்றையும் உடன் கொண்டு செல்க.

அங்கே செய்யும் சோதனைகளால் துன்பம் இல்லை. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் உள்ளங்காலில் பல இடங்களைத் தொடுவார்கள். நாம் கண்களை மூடிக்கொண்டு, தெரிந்தபோது சொல்லவேண்டும். நம்மவரிடம் ஒரு வழக்கம்: பரீட்சையில் தேறவேண்டும் என்று ஊகித்து, தொடாதபோதும் “தெரிகிறது” என்று சொல்லிவிடுவார்கள். அதனால் ஏமாறுவது வைத்தியர் மட்டுமன்று. நொடிக்கு 128 முறை அதிரும் இசைக்கவையைப் பெருவிரல் எலும்பின்மேல் வைத்துப் பார்ப்பதும் உண்டு. கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிடுவார்கள், விகிதம் 0.9-க்குக் குறைந்தால் குழாய் அடைப்பை ஐயுற வேண்டும்.

பெரியவர்கள் வைத்தியரை நோக்கிக் காலை நீட்டக் கூசுகிறார்கள். இளவயது வைத்தியர் பாதத்தைத் தொட்டவுடன் பதறிக் காலை இழுத்துக்கொள்கிறார்கள். அந்தக் கூச்சத்தை வாசலிலேயே விட்டுவிடலாம்.

பாதம் திடீரென்று சிவந்து, வீங்கி, மற்றப் பாதத்தைவிடச் சூடாக இருந்தால், வலி இல்லாவிடினும் முறைநாள் பார்த்துக் காத்திருக்கலாகாது, அன்றே போகவேண்டும். புண்ணோடு காய்ச்சல் வந்தாலும், விரல் கறுத்தாலும் அப்படியே.

புறப்படுமுன், மறுபடி எப்போது வரவேண்டும் என்று கேளுங்கள். பாதத்தில் உணர்வும் இரத்த ஓட்டமும் நன்றாக உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை போதும். முன்பு புண் வந்து ஆறியவர்கள் ஒன்று முதல் மூன்று மாதத்திற்கு ஒருமுறை பாதத்தைக் காட்டவேண்டும். சீட்டில் இருப்பதைப் படித்துக் காட்டச் சொல்லி, அங்கேயே அமர்ந்து, அதன் பின்புறத்தில் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்.