குப்பைக்குப் போகும் காப்பிப் பழத்தோல்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



நம்ம கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறை என்று எங்கே போனாலும் காப்பித் தோட்டம்தான். பழம் பறிக்கிறது பெரும்பாலும் நம்ம பெண்கள். 100 கிலோ பழத்தை பல்ப்பர் மிஷினில் போட்டால் சுமார் 40 கிலோ ஈரத்தோல் விழுகிறது. அதை என்ன செய்கிறோம்? பின்னால் குவித்துவிட்டு மறந்துவிடுகிறோம். மழை பெய்தால் ஓடையில் கலக்குது. மீன் சாகுது. அந்தத் தண்ணீரைத்தான் கீழே இருக்கிறவங்க புழங்கறாங்க.

இந்தத் தோலை உணவாகப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. ஏமன் நாட்டில் காய்ந்த தோலை இஞ்சியோடு கொதிக்க வைத்துக் குடிப்பது பழைய வழக்கம். ‘கிஷ்ர்’ என்று பெயர். நம்ம சுக்குக் காப்பி மாதிரிதான். 2022 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இதைப் பானத்துக்காக விற்க அனுமதி கொடுத்தது. தோலை மாவாக அரைத்து ரொட்டி, பிஸ்கட் மாவில் கொஞ்சம் சேர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். நார்ச்சத்து அதிகம்.

கேட்க நல்லா இருக்கு இல்லையா? இதைப் படித்துவிட்டு அவசரப்பட்டு நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு குழுவில் சொல்லி 10 கிலோ தோல் காயப்போட வைத்தேன். சாயங்காலம் மழை. ஈரத்தோடு சாக்கில் அள்ளிக் கட்டிவிட்டோம். மூன்றாம் நாள் அவிழ்த்தால் வெள்ளையாகப் பூஞ்சணம். “மேலாக எடுத்துப் போட்டுட்டு மிச்சத்தைக் காய வைக்கலாமே” என்றேன். ஓர் அக்கா கேட்டாங்க: “மேடம், இதை நம்ம பிள்ளைக்குக் குடுப்போமா?” எனக்குப் பதில் இல்லை. எல்லாத்தையும் உரக்குழியில் கொட்டினோம்.

அந்த அக்கா கேட்டதுதான் சரி. சில பூஞ்சணம் விடுகிற நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. அதனால் இதை மனசில் வையுங்க:

* நன்றாகப் பழுத்த, பூச்சி துளைக்காத பழம் மட்டும். மருந்து அடித்த தோட்டத்துப் பழம் வேண்டாம்.
* பழத்தைக் கழுவி, பறித்த அன்றைக்கே தோலெடுக்கணும்.
* மண் களத்தில் போடாமல், உயரமாகக் கட்டின வலையில் மெல்லிசாகப் பரப்பி, அடிக்கடி கிளறணும். ராத்திரி உள்ளே எடுக்கணும்.
* கையில் நொறுங்குகிற அளவு காய்ந்த பிறகே டப்பாவில் அடைக்கணும்.
* வாடையோ பூஞ்சணமோ இருந்தால் மொத்தமும் உரக்குழிக்கு.

இன்னொன்று. தோலிலும் காப்பியில் இருக்கிற கஃபீன் உண்டு. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் வேண்டாம். மற்றவர்களும் சாப்பாட்டோடு குடிக்காதீங்க. கீரை, கேழ்வரகில் இருக்கிற இரும்புச்சத்து உடம்பில் சேராமல் தடுக்கும். நம்மில் எத்தனை பேருக்கு ரத்தசோகை என்று உங்களுக்கே தெரியும்.

விற்பனை? இப்போ வேண்டாம். உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டு, ஆய்வகத்தில் மாதிரி பார்த்து, அனுமதி கிடைத்த பிறகு பேசுவோம். அதுவரை இதுக்காக யாரும் கடன் எடுத்து மிஷின் வாங்காதீங்க.

உடனே செய்யக்கூடியது சிப்பிக் காளான். காய்ந்த தோலை ஒரு ராத்திரி ஊறவைத்து, ஒரு மணி நேரம் வேகவைத்து, தண்ணீரை வடித்துவிடுங்க. பிழிந்தால் சொட்டாத பதத்தில் வைக்கோலோடு கலந்து, பையில் அடுக்கடுக்காகக் காளான் விதை போட்டுக் கட்டுங்க. மூன்று நாலு வாரத்தில் முதல் அறுவடை. புரதம் உள்ள கறி வீட்டுக்கு, மிச்சம் சந்தைக்கு. காளான் முடிந்த சக்கை தோட்டத்துக்கு உரம். வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி கேட்கலாம்.

குழுவுக்கு இரண்டு பேர், இரண்டு பை. இந்த சீசனில் அவ்வளவுதான். சம்மதமென்றால் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்க. காளான் வந்தாலும் எழுதுங்க, கெட்டுப்போனாலும் மறைக்காமல் எழுதுங்க. அடுத்த குழுவுக்கு அதுதான் பாடம்.