24-ஆம் கட்டம்: மாமாவின் விட்டுப்போன பதக்கம்

(பாட்காஸ்டில் பேசியதன் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். திரும்பத் திரும்ப வந்த சில வாக்கியங்களை மட்டும் எடுத்திருக்கிறோம்.)

போன எபிசோடைக் கேட்டுட்டு ஒருத்தர் எழுதியிருந்தார்: "அமெரிக்காவில் அரசாங்கத் தாளில் ஒரு தப்பு விழுந்தா, அதுவும் ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி விழுந்த தப்புன்னா, திருத்த முடியுமா?" முடியும். எங்க வீட்டிலேயே ஒண்ணு நடந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேல பழைய தப்பு. அதைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன்.

என் மாமனார் ஒஹாயோக்காரர். பரம்பரையா அங்கேயே இருக்கிற குடும்பம். கல்யாணமாகி வந்த புதுசில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரலை. "மாமா"ன்னு கூப்பிட்டேன். இங்கே அந்தச் சத்தத்துக்கு அம்மான்னு அர்த்தம். கடையில் நான் "மாமா"ன்னு கூப்பிட, ஆறடி உயர வெள்ளைத்தாடிக் கிழவர் திரும்பிப் பார்ப்பார், பக்கத்தில் இருக்கிறவங்க எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்ப்பாங்க. அவருக்கு அதில் ஒரு சந்தோஷம். இன்னைக்கு வரைக்கும் மாமாதான்.

மாமா வியட்நாம் போரில் இருந்தவர் என்று எனக்குத் தெரியும். ஆனால் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்க மாட்டார்கள். என் கணவர் பேச்சை மாற்றிவிடுவார். ஏன்னு ரொம்ப நாள் புரியலை.

மூணு வருஷத்துக்கு முன்னாடி மாமாவோட மருந்துச் செலவுக் கணக்கைப் பார்த்துக்கிட்டிருந்தேன். அவருக்குச் சர்க்கரை வியாதி, டைப் 2. வியட்நாமில் இருந்தவர்களுக்குச் சர்க்கரை வியாதி வந்தால், அங்கே காடுகளின் மேல் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்ச் மருந்தால் வந்ததாகவே அரசு எடுத்துக்கொள்ளும் என்று எங்கேயோ படித்திருந்தேன். 1962 ஜனவரி 9 முதல் 1975 மே 7 வரைக்கும் எப்போது அந்த மண்ணில் இருந்திருந்தாலும் சரி, மருந்து தன் மேல் பட்டது என்று தனியாக நிரூபிக்க வேண்டாம். "மாமா, நீங்க ஏன் விண்ணப்பிக்கலை?"ன்னு கேட்டேன். அவர் ஒண்ணும் சொல்லாம உள்ளே போய் ஒரு தாளைக் கொண்டுவந்து மேஜையில் வச்சார். "படிச்சுப் பாரு. நான் அங்கே போகவே இல்லை."

அந்தத் தாளுக்குப் பேர் டிடி 214. படையை விட்டு வெளியே வரும்போது கொடுப்பார்கள். வேலை, வீட்டுக் கடன், ஓய்வூதியம், கல்லறைக் கல் வரைக்கும் எல்லாத்துக்கும் முன்னாள் படைவீரரிடம் முதலில் கேட்பது இதைத்தான். அவர் காலத்துப் படிவத்தில் 24-ஆம் கட்டம் பதக்கங்களுக்கு. (இப்போதைய படிவத்தில் அது 13-ஆம் கட்டம்.) மாமாவின் 24-ஆம் கட்டத்தில் ஒரே ஒரு பதக்கம். தேசியப் பாதுகாப்புப் பணிப் பதக்கம். அந்த வருஷங்களில் படையில் ஒழுங்காக இருந்த எல்லாருக்கும், ஊரை விட்டு நகராதவருக்கும் கொடுத்தது அது. வியட்நாம் பணிப் பதக்கம் இல்லை. வெளிநாட்டுப் பணிக்கான கட்டத்தில் "யூஎஸ்ஏஆர்பேக்" என்று மட்டும் இருந்தது. பசிபிக் பகுதி அமெரிக்கத் தரைப்படை. கொரியாவாகவும் இருக்கலாம், ஜப்பானாகவும் இருக்கலாம், ஹவாயாகவும் இருக்கலாம். குறிப்புகள் எழுதும் 30-ஆம் கட்டத்தில் வியட்நாம் என்ற சொல்லே கிடையாது.

மெதுமெதுவா மீதிக் கதை வந்தது. எண்பதுகளில் ஒரு தடவை, வெளிநாட்டுப் போர்களில் இருந்தவர்களுக்கான சங்கத்தில் சேரப் போயிருக்கிறார். அப்போது அங்கே உறுப்பினர் ஆகப் போர்க்களப் பதக்கம் ஒன்று பதிவில் இருக்க வேண்டியிருந்தது. தாளைப் பார்த்தவர், "இதில் வியட்நாம் எங்கே இருக்கு?"ன்னு கேட்டிருக்கிறார். மரியாதையாத்தான் கேட்டிருக்கார், அவர் மேல தப்பில்லை. ஆனா பக்கத்தில் நாலு பேர் இருந்தாங்க. மாமா தாளை மடிச்சு எடுத்துட்டு வந்தவர், அப்புறம் எந்தச் சங்கத்துக்கும் போகலை. இன்னொண்ணையும் அவர் சொல்லலை, என் கணவர்தான் அன்னைக்கு ராத்திரி சொன்னார். பதினாறு வயசில் அப்பாவோட ஏதோ சண்டை. கோவத்தில், "நீ வியட்நாம் போனதே பொய், உன் பேப்பரை நான் பார்த்தேன்"னு சொல்லியிருக்கார். அதுக்கப்புறம் ரெண்டு பேருமே அந்தப் பேச்சை எடுத்ததில்லை. முப்பது வருஷத்துக்கு மேல.

சரி, என்னதான் நடந்தது? 1969 மே மாதம் லாங் பின் முகாமுக்குப் போய் இறங்கியிருக்கிறார், லாரி மெக்கானிக்காக. செப்டம்பரில் கடுமையான மலேரியா. ஜப்பானில் இருந்த ராணுவ மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஆள் விமானத்தில் போயாச்சு, அவருடைய பதிவுக் கோப்பு யூனிட்டிலேயே இருக்கு. அமெரிக்காவுக்குத் திரும்பி வந்தப்போ கையில் கோப்பு இல்லாததால் தற்காலிகமா ஒரு புது அட்டை போட்டிருக்காங்க. 1970-இல் வெளியே வந்தப்போ, தட்டச்சு செய்தவர் அந்த அட்டையைப் பார்த்துத்தான் அடிச்சிருக்கார். மாமாவுக்கு அப்போ 22 வயசு. வீட்டுக்குப் போற அவசரத்தில் படிச்சுப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுட்டார். நான் மட்டும் என்ன, வங்கியில் படிச்சுப் பார்த்தா கையெழுத்துப் போடறேன்?

இது எல்லாமே எங்களுக்குப் பின்னாடிதான் தெரிஞ்சது. முதலில் நான் செய்ததெல்லாம் தப்பு. பதிவுத் திருத்த வாரியத்துக்கான டிடி 149 படிவத்தை எடுத்து, ஆறு பக்கத்துக்கு உருக்கமா ஒரு கடிதம் எழுதினேன். நல்லவேளை, அனுப்பறதுக்கு முன்னாடி எங்க கவுன்ட்டியின் படைவீரர் சேவை அலுவலகத்துக்குப் போனோம். ஒஹாயோவில் 88 கவுன்ட்டியிலும் இந்த அலுவலகம் உண்டு, உதவி இலவசம். அங்கிருந்த அம்மா என் ஆறு பக்கத்தையும் பொறுமையா படிச்சுட்டு, "அழகா எழுதியிருக்கீங்க. ஆனா இதில் ஆதாரம் ஒண்ணுகூட இல்லையே"ன்னாங்க. வாரியம் என்பது கடைசிப் படி. தப்பைக் கண்டுபிடித்த மூன்று வருஷத்துக்குள் போகணும்னு சட்டம், நியாயம் இருந்தால் அந்தக் கெடுவை வாரியமே தளர்த்தலாம். ஆனால் பதிவிலேயே விடை இருக்கும் எழுத்துப் பிழைக்கு அங்கே போக வேண்டியதில்லை. நிர்வாக முறையிலேயே திருத்துவார்கள். முதலில் கோப்பை வரவழைச்சுப் பாருங்கன்னு சொன்னாங்க.

கோப்புகள் இருப்பது மிசூரி மாநிலம் செயின்ட் லூயிஸில், தேசியப் பணியாளர் பதிவு மையத்தில். நண்பர் ஒருத்தர், "அதெல்லாம் எரிஞ்சு போச்சே"ன்னு பயமுறுத்தினார். 1973 ஜூலை 12-இல் அங்கே பெரிய தீ விபத்து நடந்தது உண்மைதான். 160 லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் போயின. ஆனால் தரைப்படையில் எரிந்தவை 1912-க்கும் 1960-க்கும் நடுவில் வெளியே வந்தவர்களுடைய கோப்புகள். மாமா 1970. அதனால யாராவது எரிஞ்சு போச்சுன்னு சொன்னா உடனே நம்பிடாதீங்க, எந்தப் படை, எந்த வருஷம்னு பாருங்க. எரிந்த கோப்புகளுக்கும் சம்பளப் பதிவு, யூனிட்டின் காலை அறிக்கை இவற்றை வைத்து மறுபடி கட்டியெழுப்பும் வேலை அங்கே நடக்கிறது.

எஸ்எஃப் 180 என்ற படிவத்தில் முழுக் கோப்பின் நகலைக் கேட்டோம். மருமகள் கேட்டால் கொடுக்க மாட்டார்கள், அவரேதான் கையெழுத்துப் போடணும். பேனாவைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். "இல்லைன்னு வந்தா என்ன பண்றது?"ன்னு கேட்டார். தனக்கே சந்தேகம் வந்துட்டது மாதிரி இருந்தது அந்தக் கேள்வி.

சில மாதம் கழிச்சு நகல்கள் வந்தன. சமையலறை மேஜையில் ஒவ்வொரு தாளாப் பரப்பினேன். டிஏ 20 என்று ஒரு அட்டை உண்டு. படைவீரர் எங்கெங்கே வேலை பார்த்தார் என்ற வரிசை அதில் 38-ஆம் கட்டத்தில் இருக்கும். முதலில் கிடைத்த அட்டையில் வியட்நாம் இல்லை. மனசு விட்டுப்போச்சு. தாள்களின் அடியில் பார்த்தா இன்னொரு டிஏ 20! பழையது, மங்கலானது. வியட்நாமில் தங்கிவிட்ட கோப்பு தாமதமாக வந்து சேர்ந்து, யாரோ ரெண்டையும் ஒண்ணா வச்சிருக்காங்க. அதில் லாங் பின், மே 1969, யூனிட் பேர், எல்லாம் இருந்தது. கூடவே ஜப்பான் மருத்துவமனைக்கு மாற்றிய தாள், எங்கிருந்து வந்தார் என்ற குறிப்போடு. மாமாவின் அம்மா பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்த கடித உறைகளும் கிடைத்தன. தபால்தலை ஒட்டும் இடத்தில் மாமா கையால் "இலவசம்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். வியட்நாமிலிருந்து எழுதிய வீரர்களுக்கு அப்போது அந்தச் சலுகை இருந்தது.

வியட்நாம் பணிப் பதக்கத்தை ஜான்சன் 1965 ஜூலையில் ஏற்படுத்தினார். அங்கே முறையாக நியமிக்கப்பட்ட யூனிட்டில் ஒரு நாள் இருந்தாலே போதும். போரை 17 கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள், பங்கெடுத்த ஒவ்வொரு கட்டத்துக்கும் ரிப்பனில் ஒரு சின்ன வெண்கல நட்சத்திரம். 1969 ஜூன் 8-இல் ஒரு கட்டம் முடிந்து மறுநாள் அடுத்தது தொடங்குகிறது. மே முதல் செப்டம்பர் வரை இருந்த மாமாவுக்கு ரெண்டு நட்சத்திரம்.

அலுவலகத்து அம்மா இன்னொண்ணும் சொன்னாங்க. பதக்கம் மட்டும் வந்தால் போதாது. தாய்லாந்தில் இருந்துகொண்டு போருக்கு நேரடியாக உதவியவர்களுக்கும் அதே பதக்கம்தான். அதனால பதக்கத்தை வைத்து வியட்நாம் மண்ணில் நின்றார் என்று சொல்லிவிட முடியாது. 30-ஆம் கட்டத்தில் வியட்நாமில் இருந்த தேதிகளையும் சேர்க்கச் சொல்லுங்கன்னாங்க. இதை நானா இருந்தா விட்டிருப்பேன். ஒரே பக்கத்தில் கடிதம், ஒவ்வொரு கோரிக்கைக்கும் பக்கத்தில் எந்தத் தாளில் ஆதாரம் என்ற குறிப்பு, எல்லாம் நகல்தான். மூலத்தை யாருக்கும் அனுப்பாதீங்க.

ஆசைப்பட்டு நான் தென் வியட்நாம் அரசு கொடுத்த போர்ப் பதக்கத்தையும் கேட்டிருந்தேன். அது கிடைக்கலை. அதற்கு ஆறு மாதம் இருந்திருக்கணும், இல்லைன்னா எதிரியால் காயம் பட்டிருக்கணும். மலேரியா காயமாகாது. எனக்கு வருத்தம். மாமாவுக்கு இல்லை. "நான்தான் ஆறு மாசம் இல்லையே. இல்லாததை எதுக்குக் கேட்டே?"ன்னு என்னைத்தான் திட்டினார்.

எட்டு மாதம் கழித்து டிடி 215 வந்தது. பழைய 214-ஐ மாற்றித் தர மாட்டார்கள், திருத்தம் என்று தனித் தாள் வரும், ரெண்டையும் சேர்த்தே வச்சுக்கணும். 24-ஆம் கட்டத்தில் சேர்க்கவும்: வியட்நாம் பணிப் பதக்கம், இரண்டு வெண்கல நட்சத்திரங்களுடன். 30-ஆம் கட்டத்தில் சேர்க்கவும்: வியட்நாமில் பணி, தேதி முதல் தேதி வரை. அவ்வளவுதான். அரைப் பக்கம்கூட இல்லை.

மாமா கண்ணாடியைத் தேடிக்கிட்டிருந்தார். என் கணவர் அந்தத் தாளை வாங்கி, நின்னபடியே சத்தமா படிச்சுக் காட்டினார். தேதி வரைக்கும் வந்ததும் குரல் நின்னுபோச்சு. மாமா, "சரி, சரி, மீதியை நான் படிச்சுக்கறேன்"னு தாளை வாங்கிக்கிட்டார். மன்னிப்பு, கட்டிப்பிடிக்கிறது, அதெல்லாம் ஒண்ணும் நடக்கலை. அன்னைக்குச் சாயங்காலம் ரெண்டு பேரும் கராஜில் பழைய டிரக்கைத் திறந்து வச்சு ராத்திரி பத்து மணி வரைக்கும் ஏதோ செஞ்சுக்கிட்டிருந்தாங்க. லாங் பின் சகதியில் லாரி கிளட்ச் எப்படிப் போகும்னு மாமா சொல்றது சமையலறை வரைக்கும் கேட்டது.

பதக்கம் தனியா வந்தது. மஞ்சள் ரிப்பன், நடுவில் மூணு சிவப்புக் கோடு, ஓரத்தில் பச்சை. பதக்கத்தில் மூங்கில் புதருக்குப் பின்னால் ஒரு டிராகன். மாமா அதை ஒரு தடவைகூடக் குத்திக்கொண்டதில்லை. இப்போதைக்கு அது என் பொண்ணு மேஜையில் இருக்கு. டிடி 215-ஐ மட்டும் 214-ஓட சேர்த்து ஸ்டேப்பிள் பண்ணி, சட்டைப் பையில் வச்சுக்கிட்டு ஒரு செவ்வாய்க்கிழமை அந்தச் சங்கத்துக்குப் போயிட்டு வந்தார். நான் கார்லேயே உட்கார்ந்திருந்தேன்.

சர்க்கரை வியாதி விண்ணப்பத்தில் என்ன ஆச்சுங்கிறது இன்னொரு நீளமான கதை. அதை அடுத்த எபிசோடில் சொல்றேன்.